வுடு என்று கத்தியவன்

என் உயிருக்கு உயிரான மச்சான் கோதண்டத்துக்கு, வில்லியனூர் பழைய இரும்புக் கடை ஜெய்னு எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்று கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிட்டேன். செத்து இரண்டு வருஷமானவனிடம் சௌக்கியம் விசாரிக்கிற புத்திசாலி இந்தக் கொம்யூன் பஞ்சாயத்திலேயே நான் ஒருத்தன்தான். நீ இருந்தால், "ஏன் மச்சான் மைய வீணாக்கற" என்று கேட்டிருப்பாய்.

நேற்று மதியம் உன் பெண்டாட்டி சரோஜா கடைக்கு வந்தாள். சோரியாங்குப்பத்திலிருந்து பாகூர், பாகூரிலிருந்து பாண்டி, பாண்டியிலிருந்து வில்லியனூர் என்று மூன்று பஸ் மாறி, ஒரு சாக்கு மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். மூட்டையை இறக்கி வைத்த சத்தத்திலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீயும் நானும் கட்டிய, பெட்ரோலில் ஓடுகிற மரவாள் மிஷின். அந்தக் கனத்தை அவள் எப்படித் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணே, இத ஒடைச்சிடுங்க. என் கண்ணு முன்னாடியே ஒடைங்க."

"எதுக்கும்மா? ஒரு மூலையில கெடந்துட்டுப் போவட்டுமே."

"வூட்ல வச்சிக்கினு தெனம் அது மூஞ்சியில முழிக்க முடியலண்ணே." அதோடு நிற்கவில்லை. இரண்டு வருஷமாக உள்ளே வைத்திருந்ததை நேற்றுத்தான் கேட்டாள். "உங்களுக்கு மிஷின் தெரியும். எனக்காவப் பாக்காம நெசத்த சொல்லுங்க. பெட்ரோல்ல எண்ண கொறச்சலா ஊத்திட்டா அது எகிறி ஆள அடிக்குமா?"

பெட்ரோலும் எண்ணெயும் கலக்கிற வேலையை நீ அவளிடம்தானே விட்டிருந்தாய்? ஒரு பாட்டில் பெட்ரோலுக்கு டானிக் பாட்டில் மூடியால் எட்டு மூடி எண்ணெய். உன்னைவிடச் சுத்தமாகக் கலப்பாள். அன்றைக்குக் காலையில் அவள் மூடி எண்ணிக்கொண்டிருக்கும்போது பிள்ளை அமுதா கொல்லையில் விழுந்து அழுதிருக்கிறாள். ஓடிப்போய்த் தூக்கிவிட்டு வந்து பார்த்தால் எண்ணிக்கை மறந்துபோயிற்று. ஊற்றியது ஆறு மூடியா, எட்டு மூடியா? நீ வாசலில் நின்று அவசரப்படுத்தியிருக்கிறாய். எட்டாகத்தான் இருக்கும் என்று பாட்டிலை மூடிக் கொடுத்துவிட்டாள்.

"ஆறா எட்டா, ஆறா எட்டான்னு ரெண்டு வருசமா எண்ணிக்கினே இருக்கறேண்ணே. சோத்துக்கு அரிசி அளந்தாகூட அந்த மூடிதான் வருது. என் கையாலயே அவர அனுப்பி வச்சிட்டனா?"

யா அல்லா! "அதெல்லாம் இல்லம்மா, ரெண்டு மூடி கொறஞ்சா ஒண்ணும் ஆவாது" என்றேன். "என்னத் தேத்தறதுக்கு சொல்றீங்க" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சம்மட்டியை எடுங்கள் என்றாள். சம்மட்டி இல்லை என்று சொல்லிவிட்டேன். பழைய இரும்புக் கடையில் சம்மட்டி இல்லையாம்! நம்பினாளோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி மூட்டையை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

மச்சான், உன்னை அவள் கலந்த எண்ணெய் கொல்லவில்லை. மிஷினும் கொல்லவில்லை. நான் கத்திய ஒரு சொல்தான் கொன்றது. இது தெரிந்த ஆள் உலகத்தில் நான் மட்டும்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டு வருஷமும் அந்தப் பழியை அவள் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். நேற்று வரைக்கும் எனக்கு அது தெரியாது, சத்தியமாகத் தெரியாது.

இன்று ஜும்மா தொழுதுவிட்டு வந்து, கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே நூலகத்தில் மாதம் ஒருமுறை கையெழுத்துப் பத்திரிகை எழுதிச் சுவரில் மாட்டுகிறார்கள். அதை நடத்துகிற தமிழ் வாத்தியார், "பாய், நீங்களும் எதாவது எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இதைத்தான் அவரிடம் கொடுக்கப் போகிறேன். எனக்கும் உனக்கும் நடுவே மட்டும் வைத்துக்கொண்டால் நான் மறுபடியும் மறைத்துவிடுவேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா? ஆகையால் ஊரார் படிக்கட்டும். அவர்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

மலைமேலே ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் கழித்துப் போட்ட இரும்பை ஒரு லாரி நிறைய எடுத்திருந்தேன். தண்ணீர்க் குழாய், பல்சக்கரம், கால் உடைந்த கட்டில் இவற்றோடு நாலு மரவாள் மிஷினும் வந்தன. நாலும் துரு. ஒன்றுக்குள்ளே எலி செத்திருந்தது. எனக்கு அவை அலுமினியம், எடைக்குப் போட்டுவிடலாம், அவ்வளவுதான். நீ உன் ஆயில் என்ஜினுக்கு ஒரு பேரிங் தேடி வந்தாய். கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிற நேரத்தில் என்ஜின் நின்றுபோன மனுஷன் எப்படி வருவான், அப்படிப் பதறிக்கொண்டு வந்தாய். மிஷின்களைப் பார்த்ததும் பேரிங்கை மறந்துவிட்டாய்.

"இன்னா பாய் இது, சைக்கிள் செயினுக்குப் பல்லு மொளச்சிருக்குது?"

"மரம் அறுக்கறதாம். லாரிக்காரன் சொன்னான்."

"ஓடுமா?"

"ஓடுனா எதுக்குய்யா எங்கிட்ட வருது?"

நாலையும் பிரித்தால் ஒன்று தேறும் என்றாய். இவனுக்குக் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எனக்கும் அந்தக் கிறுக்கு ஒட்டிக்கொள்ள நாலு நாள்கூட ஆகவில்லை. ஆள் வயசு முப்பது முப்பத்தைந்து, இரண்டு பேருக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது, கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிரீஸ் அப்பிக்கொண்டு குழந்தைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் பத்து நாள் ஊறப்போட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி எடுத்தாய். ரிங் தேய்ந்திருந்தது. அந்த அளவுக்கு ரிங் எங்கே கிடைக்கும்? ஸ்கூட்டர் வேண்டும் என்று பதிவு செய்தவன் வருஷக்கணக்கில் காத்துக்கிடக்கிற காலம் இது. நீ ஸ்கூட்டர் ரிங்கை வாங்கி வந்து அரத்தால் ராவி மரவாளுக்குப் போட்டாய்.

சிலிண்டரைக் கடைசல் பிடிக்கப் பாண்டிக்குப் போனோமே, அது ஞாபகம் இருக்கிறதா? லேத்துக்காரர் பிரெஞ்சுக் கப்பலில் வேலை பார்த்த பெரியவர். சட்டைப் பையில் கண்ணாடி, வாயில் சுருட்டு. மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "சீ" என்றார். உனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்துவிட்டது.

"இன்னா முசே, உதவாதுன்னா உதவாதுன்னு சொல்லுங்க. சீங்கறீங்க?"

"அட மடையா, பிரெஞ்சுல வாளுக்குப் பேரே சீதான்யா!"

பஸ்ஸில் வில்லியனூர் வந்து சேருகிற வரைக்கும் சிரித்தோம். ஒரு மாசம் வரைக்கும் நீ மிஷினை "சீ கழுத" என்றுதான் கூப்பிட்டாய். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

மிஷினின் சொந்தக் கார்புரேட்டர் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. மொபெட் கார்புரேட்டரை எடுத்து மாட்டினாய். ஓடியது. பாங்கு சொல்கிற நேரத்தில் அது போட்ட சத்தத்தில் பள்ளிவாசல் மோதினார் ஓடிவந்து நம் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தார். ஆனால் ஒரு கோளாறு. மொபெட் கார்புரேட்டருக்கு நிமிர்ந்து நின்றால்தான் பெட்ரோல் இறங்கும். நிற்கிற மரத்தை அறுக்க மிஷினைப் படுக்கவைத்தால் மூச்சு முட்டி நின்றுவிடும். நான், போதும், கிடந்த மரத்தை மட்டும் அறுக்கலாம் என்றேன். நீ கேட்கவில்லை. வாள் உட்காருகிற தகட்டில் புதிதாகத் துளை போட்டு, இரண்டு போல்ட்டைக் கழற்றினால் வாள் மட்டும் படுக்கிற மாதிரி செய்தாய். மிஷின் நிமிர்ந்து நிற்கும், வாள் படுத்துக்கொண்டு அறுக்கும். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் இதை? ஐந்தாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவன் நீ.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

கார்புரேட்டரைச் சரிசெய்த நாட்களில் நீ சிலிண்டரோடு காதை வைத்துக்கொண்டு உட்காருவாய். நான் ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்துப் பிடிப்பேன். அந்தச் சத்தத்தில் நீளமாகப் பேச முடியுமா? "வுடு" என்றால் வேகம் கொடு. "புடி" என்றால் குறை. பஸ் கண்டக்டர் டிரைவரைப் பார்த்து "வுடு வுடு" என்கிறானே, அந்த வுடு. நாம் உட்கார்ந்து தீர்மானித்துக்கொண்டது இல்லை, தானாக வாயில் வந்தது. அப்புறம் நீ மரம் அறுக்கப் போனபோதும் அதுவே நிலைத்துவிட்டது. அறுக்கிறவனுக்கு வாள் இருக்கிற இடம்தான் தெரியும். மரத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது. நான் பக்கவாட்டில் தள்ளி நின்று மரத்தைப் பார்த்துச் சொல்வேன். வுடு என்றால் நீ வேகம் கொடுப்பாய், புடி என்றால் குறைப்பாய். என்றைக்காவது திரும்பி ஏன் என்று கேட்டிருக்கிறாயா? கேட்டதே இல்லை.

அந்த நாட்களில்தான் நான் உனக்கு மச்சான் ஆனேன். அமுதாவுக்குக் காது குத்த நாள் பார்த்தீர்கள். சரோஜா கூடப் பிறந்தவன் இல்லாதவள். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் காது குத்துவது என்று உன் சொந்தக்காரர்கள் ஒன்றுவிட்ட முறையில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நீ என் தோளைப் பிடித்து மணையில் உட்காரவைத்தாய். "பாய் மடியிலயா?" என்று யாரோ கேட்டதற்கு, "சரோசா அவர அண்ணன்னுதான் கூப்புடப் போறா, அப்ப மாமன் மடிதான், குத்துங்கய்யா" என்றாய். பிள்ளை என் புது வேட்டியிலேயே ஒன்றுக்கு இருந்தாள். அன்றைக்குத்தான் சரோஜா முதல் தடவையாக என்னை அண்ணே என்று கூப்பிட்டாள். அதுவரைக்கும் பாய்தான். எனக்கும் தங்கச்சி கிடையாது, மச்சான். அந்தக் கூப்பாடு எனக்கு எவ்வளவு பெரிசு என்று உன்னிடம்கூட நான் சொன்னதில்லை.

பிறகு புயல் வந்தது. பாகூர்ப் பக்கம் ரோடெல்லாம் மரம். கோடாலிக்காரர்கள் ஒரு மரத்துக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ள, நீ ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் பனையைத் துண்டு போட்டாய். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. கொம்யூன் ஆபீஸ் ஆட்களே வந்து எங்கள் ரோட்டுக்கும் வா என்று கூப்பிட்டார்கள். குப்பையைக் கிளறிக்கொண்டு திரிகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்த உன் தம்பி ஏழுமலை, எங்க அண்ணன் மிஷின் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய், பார்க்காதது மாதிரி குனிந்துகொண்டாய்.

குருவிநத்தத்தில் அந்தத் தைல மரம். காற்றில் வேர் ஆட்டம் கண்டு, ஒருவர் மாட்டுக் கொட்டகை மேல் சாய்ந்து நின்றது. அப்படி இழுபட்டு நிற்கிற மரம் பொல்லாதது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நேராக நிற்கிற மரம் விழும். இழுபட்டு நிற்கிற மரம் அறுத்து முடிவதற்குள் நெடுக்கே பிளந்து, பின்பக்கப் பாதி எகிறி வந்து அறுக்கிறவனை அடிக்கும். மாட்டுக்காரரை மாட்டை ஓட்டிக்கொண்டு தூரப் போகச் சொல்லிவிட்டு, சாய்ந்த பக்கம் ஒரு வெட்டுக் கொடுத்தாய். பிறகு பின்பக்கம் வந்து அறுக்க ஆரம்பித்தாய். நான் பத்தடி தள்ளி நின்றேன். மிஷின் நன்றாகத்தான் ஓடியது. ஒரு விக்கல்கூட இல்லை.

வாள் பாதி உள்ளே போயிருக்கும். மரத்தில் கீழிருந்து மேலே ஒரு கோடு ஓடியதை நான் பார்த்தேன். உன்னால் அதைப் பார்க்க முடியாது.

நான் கத்தினேன். "மச்சான், வுடு! வுடு வுடு!"

மிஷினை விட்டுவிட்டு ஓடிவா என்று கத்தினேன், மச்சான். சட்டியைத் தொட்ட பிள்ளையிடம் தாய் "வுடு" என்கிறாளே, அந்த வுடு. பயந்தவன் வாயில் அதுதானே வரும்? ஓடு என்று கத்தியிருக்கலாம். வா என்று கத்தியிருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் வெறுமனே ஓ என்று அலறியிருந்தால்கூட நீ தலையைத் தூக்கியிருப்பாய். படுபாவி நான், உன்னிடம் சொல்லக் கூடாத ஒரே சொல்லைப் பொறுக்கியெடுத்துச் சொன்னேன்.

நீ தலையை ஆட்டினாய். சரி என்று ஆட்டினாய். மிஷின் சத்தம் ஏறியது. அந்தச் சத்தம் ஏறியதும்தான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. அடுத்த சொல்லுக்கு நேரம் இல்லை.

உன்னிடம் ஓடிவந்தேன். மிஷின் தரையில் கிடந்து தானாக ஓடிக்கொண்டிருந்தது, நான்தான் அணைத்தேன். உன் மார்பில் ரத்தம்கூட அதிகம் இல்லை. கண் என்னைப் பார்த்தமாதிரி இருந்தது. என்ன நினைத்தாய்? மச்சான் ஏன் அப்படிச் சொன்னான் என்று நினைத்தாயா? இல்லை, உனக்கு ஒன்றுமே தெரியவில்லையா? தெரியாமலே போயிருக்கவேண்டும் என்று தினமும் துவா கேட்கிறேன்.

போலீஸ் வந்து கேட்டார்கள். மரம் பிளந்தது என்று சொன்னேன். அது பொய்யில்லை. எழுதிக்கொண்டு போனார்கள். மிஷின் எகிறி அடித்துவிட்டது என்று ஊர் தானாகப் பேசிக்கொண்டது, நான் மறுத்துச் சொல்லவில்லை. சரோஜா மண்ணில் விழுந்து புரண்டுகொண்டிருந்தாள். அப்போது எப்படிச் சொல்வது? பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று இருந்தேன். பிறகு வருஷ திதி முடியட்டும் என்றேன். அப்புறம் அவள் கொஞ்சம் தேறியிருக்கிறாள், புண்ணைக் கிளறுவானேன் என்றேன். காரணத்துக்கா பஞ்சம்? என் பெண்டாட்டி பாத்திமாவிடம்கூடச் சொல்லவில்லை. போன மழையில் எனக்குச் சளி பிடித்து, அவள் நெஞ்சில் தைலம் தடவ வந்தபோது அந்தத் தைல மர வாசனைக்குக் கையைத் தட்டிவிட்டேன். பாட்டில் உடைந்துபோனது. "இன்னா ஆச்சி ஒங்களுக்கு" என்று அழுதாள். தலைவலி என்றேன்.

உன் வீட்டுச் சேதி சொல்கிறேன். உன் நிலத்தை ஏழுமலைதான் பார்க்கிறான். இந்த வருஷம் கரும்பு நன்றாக வந்திருக்கிறது. சரோஜாவைச் சோற்றுக்குத் தவிக்க விடவில்லை, அந்த மட்டில் நல்லவன். ஆனால் வாய் இருக்கிறதே! "குப்பையில பொறுக்குன மிஷினுக்கு ஒட்டுப் போட்டுக்கினு போயி உசுர வுட்டாரு" என்று டீக்கடையில் என் முன்னாலேயே சொன்னான். ஊரும் அப்படித்தான் சொல்கிறது. கோதண்டம் கெட்டிக்காரன் என்று சொன்ன அதே வாய்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். மிஷின் மேல் பழி விழுந்தால் அது உன் மேல் விழுந்த மாதிரிதானே? தெரிந்தும் எழுந்து வந்தேன்.

அமுதா இரண்டாம் வகுப்பு போகிறாள். உன் மாதிரியே எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்கிறாள். நான் வாங்கிக் கொடுத்த பொம்மை ரயிலை அன்றைக்கே பிரித்துவிட்டு, சக்கரத்தை மட்டும் கொண்டுவந்து, "மாமா, இது எதுக்கு சுத்துது?" என்று கேட்டாள். சரோஜா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். எதையும் பிரிக்கிற பிள்ளை இனி அந்த வீட்டில் அடிதான் வாங்கும்போல.

நேற்று சரோஜா போன பிறகு மூட்டையைப் பிரித்தேன். உன் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சிலிண்டரைத் தூக்கிப் பிஸ்டனை வெளியே எடுத்தேன். எண்ணெய் குறைந்து ஓடியிருந்தால் பிஸ்டனில் நகம் கீறிய மாதிரி நெடுக்கே கோடு விழுந்திருக்கும். ஒரு கீறல் இல்லை, மச்சான். கண்ணாடி மாதிரி இருக்கிறது. எட்டு மூடிதான் ஊற்றியிருக்கிறாள் அந்தப் புண்ணியவதி.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்தப் பிஸ்டனைக் காட்டி, பாரும்மா, எண்ணெய் சரி, உன் மேல் குற்றம் இல்லை என்று சொன்னால் போதுமே? அவள் நிம்மதியாகச் சாப்பிடுவாள். நான் வாயைத் திறக்கவே வேண்டாம். இந்த யோசனையோடு நேற்று ஒரு மணி நேரம் சந்தோஷமாகவே இருந்தேன். டீகூட வாங்கிக் குடித்தேன். காறித் துப்பு.

ஆனால் அவள் அதோடு விடுவாளா? "எண்ண சரி, மிஷினும் சரி, அப்பறம் எப்பிடிண்ணே?" என்பாள். மரம் பிளந்தது என்பேன். "மரம் பொளக்கறப்ப அவரு ஏன் நவுரல? நீங்க பக்கத்துலதான நின்னீங்க? ஒரு சத்தம் குடுக்கலியா?" என்பாள். இதற்கு என்ன சொல்வேன்? சத்தம் கொடுத்தேன் அம்மா, அதைக் கேட்டுத்தான் நின்றான் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. அதை மறைக்க இன்னொரு பொய் சொன்னால், ஆறா எட்டா என்று எண்ணியதை நிறுத்திவிட்டு அவள் வேறு எதையாவது எண்ண ஆரம்பித்துவிடுவாள். நீ ஏன் நகரவில்லை என்று உன்னையே நொந்துகொள்வாள். பிள்ளைகுட்டிக்காரன் கொஞ்சம் சுதாரிப்பாக இருக்கக் கூடாதா என்பாள். நீ சுதாரிப்பாகத்தான் இருந்தாய். என்னை நம்பியிருந்தாய், அவ்வளவுதான் நீ செய்தது.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அவள் ஞாயிற்றுக்கிழமை வருகிற வரைக்கும் காத்திருக்கப் போவதில்லை. நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் நான் சோரியாங்குப்பம் போகிறேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே இந்தக் காகிதத்தை நீட்டிவிட்டு நழுவ முடியாது. வாயால் கெடுத்ததை வாயால்தான் சொல்லவேண்டும். முதலில் பிஸ்டனை அவள் கையில் கொடுத்து, எட்டு மூடிதாம்மா ஊத்தியிருக்கற என்று சொல்வேன். அவள் அழுது முடிக்கட்டும். பிறகு ஏழுமலையையும் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்கள் அண்ணன் கட்டிய மிஷின் கடைசி நிமிஷம் வரைக்கும் ஒழுங்காக ஓடியது என்று சொல்வேன். அப்புறம் நான் கத்தியதை, கத்திய மாதிரியே கத்திக் காட்டுவேன். நடுவில் அவள் விளக்குமாற்றை எடுத்தாலும் எழுந்து போகமாட்டேன். முழுவதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுவேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு, மச்சான். வாத்தியாரிடம் இந்தக் காகிதத்தை இன்று சாயங்காலமே கொடுத்துவிடுகிறேன். திங்கட்கிழமை சுவரில் மாட்டிவிடுவார். இனி நான் பின்வாங்க வழி இல்லை.

நாளைக்கு மதியத்துக்கு மேல் சரோஜா என்னை அண்ணே என்று கூப்பிடுவாளா, தெரியாது. அவள் கூப்பிடாவிட்டால் அமுதாவுக்கு நான் மாமன் இல்லை, உனக்கும் நான் மச்சான் இல்லை. ஆகையால் கையில் இருக்கும்போதே ஒருமுறை எழுதிக்கொள்கிறேன்.

இன்றைக்கு வரைக்கும் உன் மச்சான்,
ஜெய்னு